கோலமாவுக்காரம்மாவின் ஆறாவது டேக்

துரைக்கண்ணு, நீ பொய் சொல்கிறாய்.

போன மாதம் ஒரு யூடியூப் சேனலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு பேசினாய். உன் முதல் பாட்டின் ஆரம்பத்தில் வருகிற அந்தக் கத்தல் பத்தொன்பது வயதில், ஹாஸ்டல் ரூமில், தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, போனில் நீயே கத்திப் பதிவு செய்தது என்றாய். "அது என் வலிங்க" என்றாய். பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு ராக் பாடகனோட முதல் ரெக்கார்டிங்" என்று கீழே பெரிய எழுத்தில் போட்டார்கள்.

நீ ஹாஸ்டலில் தங்கியதே இல்லை. வேப்பந்தட்டையிலிருந்து தினம் பஸ் ஏறி வந்தவன். உன் முதல் ரெக்கார்டிங் அரியலூரில் என் ஸ்டூடியோவில் நடந்தது. அது என்ன ரெக்கார்டிங் என்று கீழே எழுதியிருக்கிறேன். அந்தக் கத்தலும் என் ஸ்டூடியோவில்தான் பதிவானது, பட்டப்பகலில். அதைக் கூவியது நீ இல்லை. பவுனம்மாள் என்கிற கோலமாவு விற்கிற அம்மா.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். துரைக்கண்ணு இப்போது வைத்திருக்கிற மேடைப் பெயரை எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்த பெயர் துரைக்கண்ணு.

1. அவன் வந்த முதல் நாள்

என் ஸ்டூடியோ என்றால் ஏதோ சென்னையில் இருக்கிற மாதிரி நினைக்க வேண்டாம். ரோட்டை ஒட்டி ஒரே அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை, அதற்கு மேல் பழைய மெத்தைத் துணி. ஒரு கன்டென்சர் மைக், ஒரு மிக்ஸர், ஒரு கம்ப்யூட்டர். எங்களுக்கு வருகிற வேலை எல்லாம் ஆட்டோவில் ஓட்டுகிற விளம்பரம், கடை திறப்பு, திருவிழா அறிவிப்பு, மெத்தை தைக்கிறவர், மிக்ஸி ரிப்பேர்க்காரர், காய்கறி வண்டிக்காரர். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஓர் அத்தர் கடை பாய் வருஷம் தவறாமல் ரம்ஜானுக்கு முன்னால் வருவார். இதுதான் எங்கள் இசை உலகம்.

எங்களுக்கு ஒரே எதிரி லாரி. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க அந்த ரோட்டில் போகும். லாரி வந்தால் தரை அதிரும், மைக் ஸ்டாண்ட் அதிரும், எடுத்துக்கொண்டிருந்த பதிவு, அதாவது டேக், காலி. வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துவிட்டு "ம், எடுங்க" என்று சொல்லவே ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் துரைக்கண்ணு வந்தான். காலேஜைப் பாதியில் விட்டவன். முடி தோள் வரைக்கும்.

"பாடுவேண்ணே" என்றான்.

"லாரி பாப்பியா?"

"பாக்கறேண்ணே."

"அப்ப உக்காரு."

மூன்று மாதத்தில் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டான். கை சுத்தம், வேகம். அதை மறுக்க மாட்டேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. லெவல் பார்க்க "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" சொல்ல விட மாட்டேன். அதைச் சொல்லும்போது எல்லாருக்கும் ஒரு பொய்க் குரல் வந்துவிடும். அதை வைத்து மைக்கின் சத்த அளவை செட் பண்ணினால், அப்புறம் ஆள் நிஜமாகப் பேசும்போது மீட்டர் சிவப்பில் போய் அடிக்கும். அதனால் யார் வந்தாலும் மைக் முன்னால் உட்காரவைத்து, "உங்க பேரு என்ன, ஊரு என்ன, காலையில என்ன சாப்டீங்க, சொல்லுங்க" என்பேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மனுஷனுக்குச் சொந்தக் குரல் வந்துவிடும். அந்த இடத்தில் லெவலை நிறுத்துவேன்.

அந்தப் பேச்சு ஃபைலின் தலையிலேயே பதிவாகி இருக்கும். பென் டிரைவில் போட்டுக் கொடுக்கும்போது அதை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு தடவை வெட்டாமல் கொடுத்து, மெத்தை தைக்கிறவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் "காலையில நாலு இட்லி" என்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வந்து என்னை அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் வெட்டுகிற வேலையைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்தேன். பெயரையும் ஊரையும் வெட்டுவது. தினமும் அதைத்தான் செய்தான்.

2. ராக் பாடகரின் ஆரம்பகாலப் பதிவுகள்

ஹாஸ்டல் கதையை நம்பி அழுதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவன் என்னிடம் பாடிய முதல் பாட்டு காதுகுத்துப் பாட்டு. அதற்கு ஒரே டிராக்தான், ஒரே மெட்டுதான். குழந்தையின் பெயர், தாய்மாமன் பெயர், ஊர்ப் பெயர் மூன்றை மட்டும் மாற்றிப் பாட வேண்டும். உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் வீட்டுக்கும் அதே பாட்டு, கல் உடைக்கிற வீட்டுக்கும் அதே பாட்டு. முதல் தடவை பாடும்போது தாய்மாமன் பெயரைக் குழந்தைக்கு வைத்துவிட்டான். விழாப் பந்தலில் ஸ்பீக்கரில் அது ஓடி, முப்பத்தைந்து வயது தாய்மாமனுக்குக் காது குத்துகிறார்கள் என்று ஊரே சிரித்தது. மறுநாள் அந்த மாமனே நேரில் வந்தார்.

"யாருடா பாடினவன்?"

துரைக்கண்ணு மேஜைக்கு அடியில்.

"வெளிய வரச் சொல்லுங்க. எனக்குக் காது குத்தணும்னா அவனே வந்து குத்தட்டும்!"

அப்புறம் ஆடித் தள்ளுபடி, போர்வெல் விளம்பரம், ஆட்டுத்தீவனம். ஆட்டுத்தீவனத்துக்கு ஆடு மாதிரியும் கத்தினான். நன்றாகத்தான் கத்தினான். ஆரம்பகாலத்தில் இவன் சொந்தமாகக் கத்தியது என்று என் ஹார்ட் டிஸ்கில் இருப்பது அது ஒன்றுதான். வேண்டுமானால் அனுப்புகிறேன். அடுத்த பாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இதில் எதுவும் கேவலம் இல்லை. நானும் அப்படித்தான் சோறு தின்றேன். இதைக் கேவலம் என்று நினைத்து மறைக்கிறான் பார், அதுதான் கேவலம்.

3. பவுனம்மாள்

பவுனம்மாளுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமம். டிவிஎஸ் வண்டியில் முன்னும் பின்னும் கோலமாவு மூட்டையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். இருபது வருஷமாகக் கூவிக் கூவி விற்றவர். தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார். கூவுவதை நிறுத்தினால்தான் குரல் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு தடவை பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்று வந்தார்.

"வேற யாராச்சும் நல்லா பேசறவங்கள வெச்சு எடுத்துடலாமாம்மா? லேடி வாய்ஸ் இருக்கு நம்மகிட்ட" என்றேன்.

"ஏண்ணே, நான் வரேன்னு சனத்துக்குத் தெரிய வேணாமா? வேற பொம்பள கத்துனா வேற பொம்பள வருதுன்னுல்ல நெனைப்பாங்க."

மைக் முன்னால் உட்காரவைத்தேன். வழக்கம்போல் பேர், ஊர், சாப்பாடு கேட்டேன். சொன்னார். லெவல் வைத்தேன்.

முதல் டேக் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் இருமல். நான்காவது, ஐந்தாவது சுத்தமாக வந்தன, ஆனால் உயிர் இல்லை. ஆறாவது டேக்கில் "கோலமாவேய்" என்று ஆரம்பித்து, அந்தக் கடைசி எழுத்தை இழுக்கும்போது லாரி வந்துவிட்டது. துரைக்கண்ணு வாசலில் போனை நோண்டிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. தரை அதிருகிறது. நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். பவுனம்மாள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை இன்னும் மேலே ஏற்றினார். லாரிச் சத்தம் கீழே உருள, அதன் தலைமேல் ஏறி நிற்கிற மாதிரி அந்தக் குரல் போனது. நடுவில் ஒரு இடத்தில் கிழிந்தது. கிழிந்த பிறகும் விடவில்லை. லாரி போய் முடிந்த பிறகுதான் இறக்கினார்.

"ஏம்மா, லாரி வந்துச்சு, கை காட்டினேனே?"

"ரோட்டுல லாரி வந்தா நான் நிறுத்திக்குவேனாண்ணே? அதுக்கு மேல போனாத்தான் மூணாவது தெருவுல கேக்கும்."

துரைக்கண்ணு உள்ளே வந்து ஹெட்போனில் கேட்டுவிட்டு மூஞ்சியைச் சுளித்தான். "ஒரே நாய்ஸ்ணே. லோ எண்டு, அடிச்சத்தம் பூரா லாரி. டெலிட் பண்ணிட்டு அஞ்சாவது டேக்க குடுத்துடலாம்."

எனக்கும் அதே எண்ணம்தான். பவுனம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப கத்துனேன்ல, அதான் என் கொரலு. அத குடுங்க. மத்ததெல்லாம் யாரோ" என்றார்.

கொடுத்தோம். பெயர், ஊர், சாப்பாடு பேசியதை வெட்டிவிட்டுத் துரைக்கண்ணுதான் பென் டிரைவில் போட்டான்.

அடுத்த வருஷமே குரல்நாணில் கட்டி என்று பவுனம்மாளுக்குத் திருச்சியில் ஆபரேஷன் ஆனது. அதற்கப்புறம் பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. காது கொடுத்துக் கேட்டால்தான் புரியும். வண்டி ஸ்பீக்கரில் ஓடுகிற அந்த ஆறாவது டேக்தான் அவருக்கு மிஞ்சிய குரல்.

துரைக்கண்ணு அதற்குள் சென்னைக்குப் போய்விட்டான். போகிற வாரத்தில் "பழகிப் பாக்கறதுக்குண்ணே" என்று சொல்லி ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் ஃபைல் காப்பி எடுத்துக்கொண்டான். கற்றுக்கொள்ளட்டும் என்று நானே விட்டேன்.

4. என் காதைப் பற்றி

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

இவன் பாட்டு வெளிவந்து ஊரெல்லாம் ஓடியது. எடுத்த எடுப்பில் அந்தக் கத்தல், அடியில் ஒரு உறுமல், அப்புறம் டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார். ஒரு பத்திரிகையில் "பூமிக்கு அடியிலிருந்து எழும் உறுமல்" என்றும், அந்தக் கத்தல் தன்னுடையதே என்று இவன் சொன்னதாகவும் எழுதினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நம்ம ஸ்டூடியோ பையன்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். "லோ எண்ட கேளுங்க, என்னா டைட்டு" என்று பெருமை வேறு. முப்பது வருஷம் அந்த லாரிச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தவன், அதே லாரியை ஸ்பீக்கரில் போட்டு ரசித்திருக்கிறேன்.

"கோலமா" வரைக்கும் வெட்டிவிட்டு, இழுப்பை மட்டும் எடுத்து, ரிவெர்ப் ஏற்றி எதிரொலிக்க விட்டிருந்தான். அதனால் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல மாட்டேன். பெயரும் புகழும் வந்தவன் பாட்டு என்றதும் என் காது அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

5. ஸ்பீக்கர் இல்லாத வண்டி

இரண்டு மாதத்துக்கு முன்னால் பவுனம்மாள் என் ஸ்டூடியோ வாசலில் வண்டியை நிறுத்தினார். ஸ்பீக்கர் பாக்ஸைக் காணோம். ஹேண்டில்பாரில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் தொங்கியது.

"என்னம்மா, பாக்ஸ் ரிப்பேரா?"

தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கிட்டப் போய்க் கேட்டேன்.

நடந்தது இது. ஜெயங்கொண்டத்தில் ஒரு காலேஜ் பெண் இவர் வண்டி போவதைப் போனில் வீடியோ எடுத்து, "எங்க தெரு கோலமாவு அம்மா" என்று ஆசையாகப் போட்டிருக்கிறாள். மறுநாள் அந்த வீடியோவில் சத்தம் இல்லை. அந்த ஒலி வேறு ஒருவருக்குச் சொந்தம் என்று நோட்டீஸ். இன்னாரின் பாட்டு, இன்ன கம்பெனி என்று துரைக்கண்ணுவின் பாட்டைக் காட்டுகிறது. கீழே கமெண்ட்: "பாட்டத் திருடி மாவு விக்குது பாரு இந்தக் கெழவி." அது அப்படியே தெருவுக்கு வந்துவிட்டது. வண்டியைப் பார்த்தாலே பயல்கள் "யக்கா, காப்பிரைட்டு! போலீஸ் வருது!" என்று கத்துகிறார்கள். ஒரு வீட்டில், இவரிடம் பத்து வருஷமாக மாவு வாங்குகிற அம்மா, "ஏன் பவுனு, சினிமாக்காரன் பாட்டெல்லாம் நமக்கு எதுக்கு? வம்பு. எடுத்துடு" என்று புத்தி சொல்லியிருக்கிறார்.

எடுத்துவிட்டார். தட்டைத் தட்டிக்கொண்டு போகிறார்.

"அண்ணே, அது நானுதானேண்ணே?" என்று காற்றுக் குரலில் கேட்டார்.

அவரிடம் அதற்குச் சாட்சி எதுவும் இல்லை. வாயைத் திறந்து கூவிக் காட்டவும் முடியாது. என்னைத்தான் கேட்க வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டினேன். ஒரு மணி நேரம் தேடி "கோலமாவு" என்ற ஃபோல்டரை எடுத்தேன். ஃபைல் முழுசாக இருந்தது. முதலில் என் குரல் கேட்கிறது. அப்புறம், "எம் பேரு பவுனுங்க. ஊரு ஜெயங்கொண்டம் பக்கம். காலையில பழைய சோறும் மோர் மொளகாயும்." அப்புறம் ஆறு டேக். ஆறாவதில் லாரி. பாட்டையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒலி அலை மேல் ஒலி அலை உட்கார்ந்தது. குரல் கிழிகிற இடம் உட்பட.

ஹெட்போனில் தன் பேச்சைக் கேட்டதும் பவுனம்மாள் கூவலுக்கு அழவில்லை. "மோர் மொளகா" என்ற இடத்தில் அழுதார். கூவலைத்தான் தினம் கேட்கிறாரே. தான் பேசிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

6. போன்

ஒன்பது தடவை அடித்த பிறகு துரைக்கண்ணு எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன். பவுனம்மாள் பக்கத்தில்தான் இருந்தார்.

"அண்ணே! எப்டிண்ணே இருக்கீங்க?"

"நான் இருக்கறது இருக்கட்டும். உன் பாட்டுல கத்துறது யாரு?"

"அது சாம்பிள்ணே. அடுத்தவங்க சத்தத்துல ஒரு துண்ட எடுத்துப் போடறது. உலகம் பூரா பண்றாங்க."

"சாம்பிள்னா கேட்டுட்டு எடுக்கணும்டா."

"யாருகிட்டண்ணே போயி கேக்கறது? அவங்க பேரே தெரியாதே எனக்கு."

பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேரும் ஊரும் இருந்த துண்டைக் கையால் வெட்டி எறிந்தவனே இவன்தான். அவன் எனக்குச் சொல்கிறான், பேர் தெரியாது என்று.

"சரி, தெரியாது. பத்திரிகையில நீயே கத்துனதா ஏன் சொன்ன?"

"மேனேஜர் எழுதிக் குடுத்ததுண்ணே. ஒரு கதை வேணும்ல. இப்ப போயி கோலமாவுன்னு சொன்னா சிரிப்பாங்கண்ணே, ஃபேன்ஸு."

"அந்தம்மாவ இங்க தெருவே சிரிக்குது."

"நான் வேணா ஒரு நல்ல ஸ்பீக்கர் பாக்ஸா வாங்கி அனுப்புறேண்ணே. புளூடூத்து."

பவுனம்மாள் போனைத் தன் பக்கம் இழுத்தார். வாய்க்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, பாக்ஸு இருக்குது. அதுல யாரு கொரல போடச் சொல்ற?"

அவனுக்குக் கேட்டிருக்காது. காற்றுதான் போயிருக்கும். "அண்ணே, லைன் சரியில்லண்ணே, ஒரே நாய்ஸா இருக்கு" என்றான். வைத்துவிட்டான்.

ஆறாவது டேக்கைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை.

அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அடுத்த வாரம்தான் அந்த யூடியூப் பேட்டி வந்தது. தெரியாமல் சொன்னது என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எல்லாம் தெரிந்த பிறகு போர்வையைப் போர்த்தியிருக்கிறான்.

7. கற்றுக்கொண்டது

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஃபைலின் தலையில் இருக்கிற பெயரை வெட்டினாலும், முழு ஃபைலை ஒரு நாளும் அழிக்காதே. ஸ்பீக்கரில் ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாருக்குக் காப்பி கொடுத்தாலும் தலையோடு கொடு. நான் தலை இல்லாமல் கொடுக்கப் பழக்கினேன். அந்தப் பழக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக பவுனம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "ஒங்களுக்கு என்னண்ணே தெரியும்" என்று விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி துரைக்கண்ணுவுக்கு.

வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். பாக்ஸ் வேண்டாம். நீ பேட்டியில் சொன்ன பொய்யை எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேர் காதில் உண்மை விழ வேண்டும். ஜெயங்கொண்டம் தெருவில் அந்த அம்மா மறுபடியும் பாக்ஸை மாட்டிக்கொண்டு போக வேண்டும், ஒரு பயலும் வாயைத் திறக்கக் கூடாது. முழு ஃபைலும் என்னிடம் இருக்கிறது. நானே எடுத்துப் போட்டுவிடலாம். பவுனம்மாள் வேண்டாம் என்கிறார். "எடுத்தவன் வாயால வரட்டும்ணே" என்கிறார்.

அடுத்த மாதம் திருச்சியில் உன் கச்சேரி இருக்கிறது. போஸ்டர் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருக்கிறது. அவ்வளவு கூட்டமும் அந்தக் கத்தலுக்காகத்தான் காத்திருக்கும். அதைப் போடுவதற்கு முன்னால் பாட்டை நிறுத்து. கண்ணாடியைக் கழற்று. மைக்கைப் பிடி. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி லெவல் பார்.

பேரு என்ன, ஊரு என்ன, அன்றைக்குக் காலையில் அந்த அம்மா என்ன சாப்பிட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு.